இருட்டாத கோடை

ஜூன் 21ஆம் நாள் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் பகற்பொழுது 19 மணி நேரத்துக்கும் அதிகம். இன்னும் வடக்கே, பேர்பேங்க்ஸ் நகரில் அது 21 மணி நேரத்தையும் கடந்துவிடும். 1867இல் ருஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா விலைக்கு வாங்கிய இந்நிலம், பரப்பில் இந்தியாவில் பாதிக்கும் சற்று மிகுதி. மக்களோ, 2020 கணக்கெடுப்பின்படி 7,33,391 பேர்தாம். கோடை வந்துவிட்டால் வேலைக்கு ஆள் போதாது. ஆகவே ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வெளியிலிருந்து வந்து உழைத்துவிட்டு, இடையிடையே காடும் மலையும் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறார்கள். அவர்களில் கல்லூரி மாணவர்களும் கணிசம்.

பலரை இழுப்பது தென்மேற்கே உள்ள பிரிஸ்டல் விரிகுடா. ஆற்றில் பிறந்து, ஏரியில் வளர்ந்து, கடலில் இரண்டு மூன்று ஆண்டுகள் திரிந்த சாக்கை சால்மன் மீன்கள், தாம் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிட்டு மடிகின்றன. 2022இல் திரும்பிய மீன்கள் ஏறத்தாழ 7 கோடியே 90 லட்சம்! இத்தனையும் ஜூன் நடுவிலிருந்து ஜூலை இறுதிக்குள் வந்து தீர்ந்துவிடும். படகுக்காரர் நினைத்தபோதெல்லாம் வலை வீசவும் இயலாது. ஆற்றங்கரைக் கோபுரங்களில் ஊழியர்கள் நின்று, மணிக்குப் பத்து நிமிடம் வீதம், மேலேறும் மீன்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். முட்டையிடப் போதுமான மீன் ஏறுகிறதா என்று பார்த்த பின்னரே, இன்ன மணி முதல் இன்ன மணி வரை பிடிக்கலாம் என்ற அறிவிப்பு வரும். அந்த வளம் இன்றளவும் நிலைத்திருப்பதில் இந்த எண்ணிக்கைக்குப் பெரும் பங்குண்டு என்றே எனக்குப் படுகிறது.

பிடித்த மீன் கரைக்கு வந்ததும் தொழிற்சாலை விழித்துக்கொள்கிறது. குடல் நீக்கிக் கழுவும் வரிசையில் நிற்பவருக்கு ரப்பர் அங்கியும் கையுறையும் குளிர்ந்த நீரும்தாம் உலகம். மீன் மிகுந்த நாட்களில் 16 மணி நேர வேலை. கூலி மணிக்கணக்கில் ஏறும். தங்குமிடமும் உணவும் பெரும்பாலும் முதலாளி பொறுப்பு. மீன் வராத வாரத்தில் மணிக்கணக்கும் இல்லை, கூலியும் இல்லை. ஆங்கரேஜுக்குச் சாலையும் கிடையாது. விமானமோ கப்பலோ ஏறித்தான் வீடு திரும்ப வேண்டும்.

இத்தொழிலின் பழைய கணக்கு கசப்பானது. நல்ல பதவிகள் வெள்ளையருக்கு. மீன் அறுக்கும் வரிசை பிலிப்பைன்ஸ் நாட்டாருக்கும் மண்ணின் மக்களுக்கும். உறங்கும் கூடமும் உண்ணும் கூடமும்கூட வேறு வேறு. இதை எதிர்த்து 1974இல் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கு, 1989இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்களுக்குப் பாதகமாய் முடிந்தது. 1991இல் சட்டத்தையே திருத்தினார்கள். ஆனால் திருத்தம் இந்த வழக்குக்கு மட்டும் செல்லாது என்று அதிலேயே விதிவிலக்கும் எழுதிவைத்தார்கள். போராடியவருக்குக் கிட்டாத நியாயம் பிறருக்குக் கிட்டியது.

நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் அங்கே போனால் இஷாத் தொழுகையை எப்போது தொழுவார் என்று நேயர்களுக்குத் தோன்றும். ஜூன் மாத ஆங்கரேஜில் சூரியன் அடைந்த பிறகும் அந்தி வெளிச்சம் மறைவதில்லை. அது மறையுமுன் விடிந்துவிடும். கேள்வி புதிதன்று. கி.பி. 922இல் பாக்தாதிலிருந்து கலீபாவின் தூதுக்குழுவோடு வோல்கா நதிக்கரை பல்கார் நாட்டுக்குப் போன இப்னு பள்லான், சுபுஹு தப்பிவிடுமோ என்றஞ்சி ஒரு மாதமாய் உறங்காதிருந்த முஅத்தின் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டுபோல் நீளும் என்ற நபிமொழியில், அந்நாளில் நேரத்தைக் கணித்துத் தொழவேண்டும் என்ற வழி இருக்கிறது. அதை வைத்தே உலமாக்களில் சிலர் இரவும் பகலும் பிரிந்து தெரியும் அண்மை ஊரின் நேரத்தையும், சிலர் மக்காவின் நேரத்தையும் கொள்ளச் சொல்கிறார்கள். அண்டையில், கனடாவின் வடபகுதி ஊரான இனுவிக்கில் ஒரு பள்ளிவாசலே இருக்கிறது. 2010இல் வின்னிபெக்கில் கட்டி, லாரியிலும் பின்னர் ஆற்றுத் தெப்பத்திலும் ஏற்றி ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கொண்டுபோய் வைத்தார்கள்!

வேலை ஓய்ந்ததும் இளைஞர் மனம் காட்டைத் தேடும். அங்குள்ள பெரிய அபாயம் கரடி என்று நாம் நினைப்போம். ஆற்றை நினைப்பதில்லை. பனிப்பாறை உருகி வரும் ஆறு, மழையே இல்லாமல் பெருகும். வெயில் ஏறிய நாளின் பிற்பகலிலும் மாலையிலும் நீர் உயரும், அதிகாலையில் தணியும். வண்டல் கலந்த சாம்பல் நிற நீரில் அடி தெரியாது. சற்று நின்றாலே கால் மரத்துப் போகும்.

கிறிஸ்டோபர் மெக்கான்ட்லெஸ் என்ற 24 வயதுப் பட்டதாரி, தம் சேமிப்பை அறத்துக்குக் கொடுத்துவிட்டு, 1992 ஏப்ரல் இறுதியில் டெனாலி தேசியப் பூங்காவை ஒட்டிய ஸ்டாம்பீட் தடத்தில் தனியே நடந்தார். கையில் ஒரு பை அரிசியும் சிறு துப்பாக்கியும். டெக்லானிகா ஆற்றை எளிதாய்க் கடந்தார். அப்போது அது குளிரில் ஒடுங்கிக் கிடந்தது. சாலைப் பணியாளர் தங்கப் பயன்பட்டு, 1961இல் கைவிடப்பட்ட பழைய பேருந்தில் வாழ்ந்தார். ஜூலையில் ஊர் திரும்ப வந்தபோது ஆறு பெருகி ஓடியது. திரும்பிப் பேருந்துக்கே போனார். ஆகஸ்டில் பசியால் மெலிந்து இறந்தார். செப்டம்பரில் வேட்டைக்காரர்கள் உடலைக் கண்டார்கள். ஒரு மைலுக்கும் குறைவான தொலைவில், கையால் இழுத்து ஆற்றைக் கடக்கும் கம்பித் தொட்டில் ஒன்று இருந்தது. அதைக் காட்டும் வரைபடம் அவரிடம் இல்லை.

அவரைத் துறவி என்பாரும் உண்டு, மூடர் என்பாரும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஆனால் அவர் கதையைப் படித்து அந்தப் பேருந்தைக் காணப் போனவர்களில் இரு இளம்பெண்கள், 2010இல் ஒருவரும் 2019இல் ஒருவரும், வழியில் இருந்த அதே டெக்லானிகாவில் மூழ்கிப்போனார்கள். இரண்டாமவர் புதுமணப்பெண். 2020 ஜூன் 18 அன்று தேசியக் காவல் படையின் ஹெலிகாப்டர் அப்பேருந்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பின்னர் அது பேர்பேங்க்ஸில் உள்ள பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பில் விடப்பட்டது.