மாலைக் காபியும் மறுநாள் களைப்பும்

நோயாளிக்குத் துணையிருப்போர் பலர், களைப்பைப் போக்க மாலையிலும் காபி அருந்துகின்றனர். இப்பழக்கம் களைப்பைத் தீர்ப்பதில்லை; தள்ளிப்போடுகிறது என்பதே என் கருத்து.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து உறக்கத்தைத் தூண்டுகிறது. காபியிலுள்ள காஃபீன் அத்தூண்டுதலை மறைக்கிறதேயன்றி, அடினோசினை அகற்றுவதில்லை. மாலை 6 மணிக்கு அருந்திய காஃபீனில் ஏறத்தாழப் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் எஞ்சியிருக்கும். உறக்கம் குறைய, மறுநாள் மேலும் ஒரு குவளை தேவைப்படுகிறது. தேநீரிலும் காஃபீன் உண்டு.

ஆகவே, பிற்பகல் 2 மணிக்குப் பின் இவ்விரண்டையும் தவிர்த்துப் பாருங்கள். இரவுத் துணையை உறவினரோடு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். அதன் பின்னும் களைப்பு நீடித்தால் இரத்தச்சோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனை செய்துகொள்வது நன்று.

தாம் உறங்குவதைத் தன்னலமெனக் கருதிச் சிலர் கூசுகின்றனர். மருந்தின் நேரமும் அளவும் பிறழாமல் கொடுக்கத் தெளிந்த மனம் வேண்டும். உங்கள் உறக்கமும் நோயாளிக்குச் செய்யும் பணிவிடையே.