ஏடும் படச்சுருளும்

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்திராவிடின், 1887 இல் கலித்தொகை அச்சேறியிராது. அன்று ஏட்டுக்கு நேர்ந்த கதியே பின்னர்ப் படச்சுருளுக்கும் நேர்ந்தது. சினிமாவை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் இதனைச் சற்றுச் சிந்தித்தல் வேண்டும்.

தென்னாட்டின் முதல் மௌனப் படமாகிய நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931 இல் வெளிவந்த, தமிழ் பேசிய முதற் படமாகிய 'காளிதா'ஸும் இல்லை. காரணம் யாது? பழைய நைத்திரேற்றுச் சுருள் எளிதில் தீப்பற்றும். வெப்பமும் ஈரமும் அதனைத் தூளாக்கிவிடும். ஓடி முடிந்த படத்தை, அதிலுள்ள வெள்ளிக்காக அழித்தோரும் உளர்.

இவ்விழப்பைத் தடுக்கவே இந்திய அரசாங்கம் 1964 இல் பூனாவில் தேசியத் திரைப்படச் சுவடிக்கூடத்தை அமைத்தது. அதனை வளர்த்தெடுத்தவர் பி. கே. நாயர். 1991 இல் ஓய்வு பெறும் வரை ஊரூராய்ச் சென்று படங்களைத் தேடினார். பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் எஞ்சிய சுருள்கள் அவ்வாறே கிடைத்தன. வழக்கொன்றினால் முடங்கித் திருவனந்தபுரத்துப் புத்தகசாலையொன்றில் கிடந்த 'மார்த்தாண்ட வர்மா'வும் 1974 இல் அங்கு வந்து சேர்ந்தது. 2022 முதல் அக்கூடம் இந்தியத் தேசியத் திரைப்பட அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கீழ் இயங்குகின்றது.

சேர்த்துப் பூட்டிவைத்தல் மாத்திரம் போதுமா? போதாது என்பதே நம் கருத்து. 2003 ஜனவரியில் பூனாவில் மூண்ட தீ, பழைய சுருள்கள் பலவற்றை விழுங்கிற்று. பிரதி எடுத்துப் பலரும் காணச் செய்த படமே பிழைக்கும். தாமோதரம்பிள்ளையும் ஏடுகளைப் பெட்டியில் அடுக்கி மகிழவில்லை. அச்சிட்டு ஊருக்கு வழங்கினார். பூனாக் கூடம் திரைப்படச் சங்கங்களுக்குப் படங்களை இரவல் கொடுத்ததும், ஆண்டுதோறும் திரைப்பட இரசனை வகுப்பு நடத்தியதும் அவ்வழியில் வைத்து எண்ணத்தக்கனவே.

நம் நாட்டிலே தோன்றிய 'தோட்டக்காரி' (1963), 'குத்துவிளக்கு' (1972), 'வாடைக்காற்று' (1978) ஆகிய தமிழ்ப் படங்களை இன்றைய இளைஞருள் எத்தனை பேர் கண்டிருப்பர்? நம் ஊரும் உடையும் பேச்சும் அவற்றிலே பதிந்துள்ளன. படச்சுருளைப் பேணுதல் அரசின் கடமை. ஆயினும் பாட்டுப் புத்தகம், விளம்பரத் துண்டு, படப்பிடிப்புப் புகைப்படம் ஆகியனவும் சரித்திரச் சான்றுகளே. வீட்டைத் துப்புரவு செய்கையில் இவை அகப்பட்டால், அடுப்பிலிடுமுன் ஒருகணம் தயங்குங்கள். அந்தத் தயக்கமே சுவடிக்கூடத்தின் முதற் கல்.