அடுத்த மாடலுக்காகக் காத்திருக்கலாமா?



ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கத்துக் கடைகளில் சமீப காலமாக ஒரே பேச்சுதான். "அண்ணாச்சி, பில் போடுற கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா ஓடுது. மாத்தணும். ஆனா இன்னும் வேகமான சின்னப் பெட்டி ஒண்ணு வரப்போகுதாம். விலையும் குறையும்ங்காங்க. அது வரட்டும்னு இருக்கேன்." இப்படிச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். வத்தல் விலை இறங்கும் வரை பொறுத்திருந்து வாங்கத் தெரிந்தவர்கள். அந்தப் பொறுமை கம்ப்யூட்டர் வாங்குவதிலும் கைகொடுக்குமா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர் நமக்கு ஏற்றது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. மளிகைக் கடையில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் குறைவு. பெரிய பெட்டிக்குள் மாவும் மிளகாய்ப் பொடியும் புகுந்து விசிறியை அடைத்துவிடும். சின்னப் பெட்டியைச் சுவரிலோ திரையின் பின்னாலோ மாட்டிவிடலாம். கரண்டும் குறைவாகவே இழுக்கும். கரண்டு போனாலும் சிறிய யு.பி.எஸ். சற்று நேரம் தாங்கும். எந்தப் பெட்டி என்பதல்ல, எப்போது வாங்குவது என்பதே இன்றைய கேள்வி.

இந்தச் சின்னப் பெட்டிகளில் பெயர் பெற்றது ஆப்பிள் நிறுவனத்தின் மேக் மினி. அதன் விலை வரலாற்றைப் பார்த்தால் காத்திருப்பதன் லாப நஷ்டம் விளங்கும். 2005 ஜனவரியில் 499 டாலருக்கு அது வெளிவந்தது. பெட்டி மட்டும்தான் அந்த விலை. திரை, கீபோர்டு, மவுஸ் எல்லாம் வாங்குபவர் பொறுப்பு. 2014 அக்டோபரில் வந்த மாடலின் ஆரம்ப விலையும் 499 டாலர்தான். அதற்குப் பிறகு அடுத்த மாடல் வர நான்கு ஆண்டுகள் ஆயின. 2018 அக்டோபரில் அது வந்தபோது ஆரம்ப விலை 799 டாலர். சரக்கு உயர்ந்ததுதான், ஆனால் விலை 300 டாலர் ஏறிவிட்டது. குறையும் என்று நான்கு வருடம் பொறுத்தவர்கள், பொறுத்ததற்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் வந்த மாடல் நம் நாட்டில் 59,900 ரூபாய். அதில் மெமரி 8 ஜி.பி. 2024 அக்டோபரில் அடுத்த மாடல் வந்தது. விலை அதே 59,900 ரூபாய், மெமரியோ 16 ஜி.பி. பெட்டியும் சுருங்கி, ஒரு பக்கம் சுமார் 20 செ.மீ. இருந்தது 12.7 செ.மீ. ஆகிவிட்டது. 2024 செப்டம்பரில் வாங்கியவர்களைவிட நவம்பரில் வாங்கியவர்களுக்கு இரட்டிப்பு மெமரி.

ஆகக் காத்திருந்தவர் ஒரு முறை தோற்றார், ஒரு முறை ஜெயித்தார். எந்த முறை எது நடக்கும் என்று கடைக்காரர் முன்கூட்டி அறிய வழியில்லை. வத்தல் வரத்தை நாம் கணிக்கிறோம் என்றால், மழையையும் சாகுபடியையும் கண்ணால் பார்க்கிறோம். மார்க்கெட் நிலவரத்தைப் போனில் கேட்கிறோம். கம்ப்யூட்டர் விலையை முடிவு செய்பவர்கள் நம் கண்ணுக்கும் போனுக்கும் எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள்.

விலையை ஆட்டிவைப்பது தயாரிப்பாளர் மட்டுமல்ல. 2023 ஆகஸ்ட் 3 அன்று மத்திய அரசு லேப்டாப், டேப்லெட் இவற்றோடு மிகச் சிறிய வடிவக் கம்ப்யூட்டர்களின் இறக்குமதிக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று அறிவித்தது. மறுநாளே அதை அக்டோபர் 31 வரை தள்ளிவைத்தது. பிறகு நவம்பர் முதல் ஆன்லைன் அனுமதி முறையாக மாற்றியது. அந்த மூன்று மாதமும் சரக்கு வருமா, விலை ஏறுமா என்று விற்பவர்களுக்கே தெரியவில்லை. அதே 2023 ஜூலையில், சின்னப் பெட்டிகளில் முன்னோடியான இன்டெல் நிறுவனம் தன் என்.யு.சி. வரிசையைக் கைவிட்டு அசூஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது.

வரி குறையும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சோப்பு, பற்பசை, ஷாம்பு, பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய் 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. கம்ப்யூட்டருக்கோ 18 சதவீதம் அப்படியே நின்றது. ஒன்று யோசித்துப் பாருங்கள். அன்று ஒரே இரவில் நூற்றுக்கணக்கான அயிட்டங்களுக்கு வரியை மாற்ற வேண்டியிருந்தது. நல்ல கம்ப்யூட்டர் இருந்த கடை காலையில் சரியான பில்லோடு கதவைத் திறந்தது. இல்லாத கடையில் பழைய விலை, புது விலை என்று வாடிக்கையாளரோடு வாக்குவாதம்.

அடுத்து மெமரி. "எலக்ட்ரானிக் சாமான் விலை போகப் போகக் குறையும்" என்பது நம்மிடையே வெகு காலமாக ஊறிய நம்பிக்கை. 2025 கடைசியில் அது ஆட்டம் கண்டது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால், சாதாரணக் கம்ப்யூட்டருக்கான மெமரி விலை மளமளவென்று ஏறியது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சில்லறையில் விற்றுவந்த தன் க்ரூஷியல் மெமரி வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. பெரிய கொள்முதல்காரர் வந்துவிட்டால் சில்லறை வாடிக்கையாளருக்குச் சரக்கு கிடைக்காது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த நிலையில் நம் கருத்து இதுதான்: கம்ப்யூட்டர் நமக்கு விற்பனைச் சரக்கு அல்ல, தராசு. விலை இறங்கும் என்று சரக்கை வாங்காமல் இருக்கலாம். தராசு பழுதானால் அன்றைக்கே மாற்றுகிறோம். ஒரு கடையில் நாளைக்கு 200 பில் என்று வைத்துக்கொள்வோம். பழைய கம்ப்யூட்டர் பில்லுக்கு அரை நிமிஷம் கூடுதலாக எடுத்தால் நாளைக்கு 100 நிமிஷம். மாதம் 26 நாள் கணக்கில் 43 மணி நேரத்துக்கு மேல். ஆடித்தபசு, தீபாவளி நேரத்தில் அந்த அரை நிமிஷத்துக்காகவே வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அடுத்த மாடலில் மிச்சமாகும் என்று நினைக்கும் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாதுகாப்பும் இதில் அடங்கும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய பெட்டிகள் நம் கடைகளில் ஏராளம். கடன் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு, பேங்க் விவரம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவர்களுக்குக் காத்திருக்கும் பேச்சே வேண்டாம்.

காத்திருக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. உங்கள் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறது, புது மாடல் வெளிவரும் தேதியையும் நிறுவனமே அறிவித்துவிட்டது என்றால் ஒரு மாதம் பொறுப்பதில் தவறில்லை. தேதியில்லாத வதந்தியை நம்பிப் பொறுப்பதுதான் வேண்டாம். புதியது வந்ததும் பழைய மாடலைத் தள்ளுபடியில் தள்ளுகிறார்களா என்றும் விசாரியுங்கள். பில் போடப் போன வருஷ மாடல் தாராளமாகப் போதும்.

வாங்கும்போது சிலவற்றைக் கட்டாயம் பாருங்கள். முதலாவது, உங்கள் பில்லிங் சாப்ட்வேர் அதில் ஓடுமா? நம் கடைகளில் உள்ளவை பெரும்பாலும் விண்டோஸில் ஓடுபவை. மேக் மினி எவ்வளவு நல்ல பெட்டியானாலும் அவை அதில் நேரடியாக ஓடா. இரண்டாவது, ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. கேளுங்கள், வேக வித்தியாசம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. மூன்றாவது, மெமரியைப் பிறகு கூட்ட முடியுமா? முடியும் என்றால் இப்போது 8 ஜி.பி. போதும். முடியாது என்றால் 16 ஜி.பி.யாகவே வாங்குங்கள். நான்காவது, பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ் என்று எண்ணிப் பார்த்து, அத்தனை வாய்கள் உண்டா என்று பாருங்கள். 2024 மேக் மினியில் பழைய அகலமான யு.எஸ்.பி. வாய் ஒன்றுகூடக் கிடையாது. ஐந்தாவது, பழுதானால் ஆள் கடைக்கு வருவாரா, நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்கு அலைய வேண்டுமா?

விலையைப் பேசும்போது வரியைப் பிரித்துப் பாருங்கள். வரி உட்பட 59,900 ரூபாய் என்றால் அதில் 9,137 ரூபாய் ஜி.எஸ்.டி. சாதாரண முறையில் பதிவு செய்தவர்கள் முறையான பில் வாங்கினால் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்பவுண்டிங் முறையில் உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தாரேன்" என்பவரிடம் வாங்கினால் வரிச் சலுகையும் போகும், வாரண்டியும் போகும்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. தனி ஒருவராகப் போய் ஒரு பெட்டி கேட்டால் விற்பவர் சொல்வதுதான் விலை. ஒரே மாதிரிப் பெட்டி பத்துக் கடைக்கு வேண்டும் என்று சங்கத்தின் மூலம் மூன்று இடங்களில் விலைப்புள்ளி கேட்டால் பேச்சே வேறாக இருக்கும். பத்துக் கடையிலும் ஒரே பெட்டி இருந்தால் பழுது பார்க்க வருபவரும் ஒரே நடையில் பார்த்துவிடுவார். கம்ப்யூட்டர் மாற்ற வேண்டிய உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் பெயர் கொடுங்கள். அடுத்த மாடல் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து வாங்குவது நம் கையில் இருக்கிறது.