ஐம்பது பேர் இருந்தால்தான் குழந்தைக்குப் பசிக்குமா?

கடந்த 2025 நவம்பர் 21 அன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது பணிக்கொடை பற்றிப் பேசினார்கள், வேலைநிறுத்த உரிமை பற்றிப் பேசினார்கள், ஆட்குறைப்பு பற்றிப் பேசினார்கள். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பும் பெண்ணின் உரிமை ஒன்று அந்த இரைச்சலில் சத்தமில்லாமல் பறிபோனது. அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறக்கவில்லை.

முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது, 1976-இல் திருத்தப்பட்ட 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். புதிய தொகுப்புகளில் அந்த 30 இல்லை. இனிமேல் ஐம்பது. அதிலும் பெண்களுக்கென்று தனிக் கணக்கு கிடையாது. மொத்தத் தலைகள் ஐம்பது. ஆண்களையும் சேர்த்து எண்ணுவது விரிவாக்கம்தானே என்கிறார்கள் இதை ஆதரிப்பவர்கள். அந்த விரிவாக்கம் 2017-இல் மகப்பேறு பலன் சட்டத்தைத் திருத்தியபோதே வந்துவிட்டது. பழைய முப்பதும் புதிய ஐம்பதும் எட்டு ஆண்டுகள் சேர்ந்தே இருந்தன. இப்போது புதிதாக நடந்தது, முப்பதைக் கழித்தது மட்டும்தான்.

இதனால் யாருக்கு நஷ்டம்? திருப்பூரில் நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். டெய்லர், செக்கிங், பேக்கிங் என்று அதில் முப்பத்தைந்து பேர் பெண்கள். நேற்று வரை அங்கே காப்பகம் வைப்பது முதலாளியின் சட்டக் கடமை. இன்று அவர் மனம் வைத்தால் உண்டு. நேற்று எத்தனை பேர் வைத்திருந்தார்கள் என்று கேட்கலாம். வைக்காதவரைத் தட்டிக் கேட்க நேற்று ஒரு சட்டப் பிரிவாவது இருந்தது.

காப்பகம் போனால் அதோடு பாலூட்டும் உரிமையும் பொருளற்றுப் போகிறது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை தாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டம் சொன்னது. புதிய தொகுப்பிலும் அது ஏட்டளவில் அப்படியே இருக்கிறது. எவ்வளவு நேரம்? சுரங்கங்களுக்காக 1963-இல் எழுதிய விதி, ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம் என்கிறது. போய்வரும் நேரமாக ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரை சேர்த்துத் தருகிறது. குழந்தை பக்கத்துக் காப்பகத்தில் இருக்கும் என்று நம்பி எழுதிய விதி இது. காப்பகம் இல்லாத இடத்தில் குழந்தை இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊரில் பாட்டியின் மடியில் கிடக்கும். பதினைந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு அந்தத் தாய் என்ன செய்வாள்?

பாலைப் பீய்ச்சி வைக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும், குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்த நான்கு மணி நேரமும் நிச்சயமில்லை. பீய்ச்சுவதற்குக் கதவுள்ள ஓர் அறை வேண்டும், கை கழுவத் தண்ணீர் வேண்டும், குளிர்பெட்டியில் ஒரு தட்டு வேண்டும். இவற்றைப் பற்றிப் புதிய தொகுப்பில் ஒரு பிரிவு கிடையாது. ஆகவே அவள் கழிப்பறைக்குப் போகிறாள். தன் குழந்தைக்கான உணவைக் கழிப்பறைக் கோப்பையில் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேலையில் பட்ட ஈரத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு இயந்திரத்துக்குத் திரும்புகிறாள். அதற்கும் நேரம் கிடைக்காத நாளில் பால் கட்டிக்கொள்கிறது, காய்ச்சல் வருகிறது. எடுக்க எடுக்கச் சுரப்பதுதான் தாய்ப்பால், எடுக்காவிட்டால் வற்றிவிடும். சில வாரங்களில் வீட்டுப் பாலாடையில் டப்பாப் பால் ஏறிவிடுகிறது. டப்பாப் பாலுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-இல் சட்டம் போட்ட நாடு இது. அந்த விளம்பரத்தின் வேலையை இன்று வேலையிடங்களே கூலியில்லாமல் செய்கின்றன.

இருபத்தாறு வார விடுப்பு போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே போய்விடலாம். மிஞ்சுவது பதினெட்டு வாரம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் சட்டமோ நான்கு மாதக் குழந்தையின் தாயைப் பணிக்கு அழைக்கிறது. இரண்டு குழந்தைகள் உள்ளவளுக்கு அடுத்த பேறு என்றால் மொத்த விடுப்பே பன்னிரண்டு வாரம். தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம் தருகிறது. கோப்பு பார்க்கும் தாயின் குழந்தைக்கும் துணி தைக்கும் தாயின் குழந்தைக்கும் பசியில் வேற்றுமை உண்டா?

இந்தச் சட்டங்களை எழுதுபவர்களுக்கு இது முதல் சறுக்கல் அல்ல. 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், அதன் சுமையில் பெரும்பகுதியை அரசே தாங்க வேண்டும் என்றார். 2017-இல் விடுப்பை உயர்த்தியவர்களோ கூடுதல் வாரங்களின் சம்பளத்தை முதலாளியின் தலையில் கட்டிவிட்டு, பெயரை மட்டும் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். இளம் பெண்களை வேலைக்கு எடுக்கவே நிறுவனங்கள் தயங்கும் என்று எச்சரிக்கை எழுந்ததும், ஏழு வாரச் சம்பளத்தை அரசு திருப்பித் தரும் திட்டம் தயாராகிறது என்று 2018-இல் அறிவித்தார்கள். அறிவிப்போடு சரி. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் ஒவ்வொரு தாய்க்கும் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் தரச் சொன்னது. 2017-இல் வந்த திட்டம் அதை ஐயாயிரமாக்கி, முதல் குழந்தையோடு நிறுத்தியது. வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்கென நடந்த காப்பகத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கை அதே ஆண்டில் வெட்டினார்கள்; ஆயிரக்கணக்கான காப்பகங்கள் மூடப்பட்டன. பிறகு அத்திட்டத்துக்குப் புதுப்பெயர் சூட்டினார்கள். பெயர் வைப்பதில் மட்டும் அவர்கள் ஒருபோதும் தவறியதில்லை.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் முதல் வாரத்தைத் தாய்ப்பால் வாரம் என்று கொண்டாடுகிறார்கள். குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், உறுதிமொழி எடுக்கிறார்கள், தாய்ப்பாலே அமுதம் என்று பதாகை கட்டுகிறார்கள். அமுதத்தின் அருமை தாய்மார்களுக்குத் தெரியும். அவர்களுக்கு உபதேசம் செய்யும் தகுதி, கழிப்பறையைத் தவிர வேறு இடம் தராதவர்களுக்கு இல்லை.

ஐம்பது ‘அல்லது விதிக்கப்படும் எண்ணிக்கை’ என்று சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. விதிகளால் எண்ணிக்கையைக் குறைக்க முடியும், மனம்தான் வேண்டும். மாநில அரசும் தொழிற்சங்கங்களும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இனியாவது இதைக் கையில் எடுக்க வேண்டும். 1948-இல், சுதந்திரம் பெற்ற மறு ஆண்டில், ஏழை நாடு கொடுத்து, 1976-இல் விரிவாக்கிய உரிமை இது. வல்லரசாகப் போகிறோம் என்று முழங்கும் காலத்தில் அதைப் பறித்ததற்குச் சிக்கனம், சீர்திருத்தம் என்று எந்தப் பெயர் சூட்டினாலும் அது அநீதிதான்.