எட்டாவது ஓவர் யாருக்கு?

இன்டர்னல் மார்க் எல்லாம் வந்துருச்சா? சரி, அந்த சோகக் கதை நமக்கு வேணாம். இந்த வாரம் ஒரு டீக்கடை மேட்டர் பேசுவோம்.

இடம், திருவொற்றியூர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஓரம் எங்க வழக்கமான டீக்கடை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வரிசை கட்டி நிக்குற கன்டெய்னர் லாரிங்க. நாள், 2025 நவம்பர் 15, சனிக்கிழமை. காலையில மொபைலைத் திறந்தா இடி மாதிரி ஒரு நியூஸ். சி.எஸ்.கே. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துட்டு சஞ்சு சாம்சனை வாங்கிருச்சு!

அவ்ளோதான். டீ ஆறிப் போச்சு, பேச்சு சூடாயிருச்சு.

"சாம்சனுக்கு 31 வயசு, ஜடேஜாவுக்கு 37 ஆகப் போகுது. கணக்கு கரெக்ட்டு மச்சான்"னு ஒரு கோஷ்டி. "2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பால்ல பத்து ரன் வேணும்னப்ப சிக்ஸும் ஃபோரும் அடிச்சவன்டா அவன், அவனைப் போய்க் கொடுக்கலாமா?"ன்னு இன்னொரு கோஷ்டி. சாம்சன் 18 கோடியிலயே வர்றார், ஜடேஜா 18-லேர்ந்து 14 கோடிக்கு இறங்கிப் போறார், சாம் கரன் 2.4 கோடின்னு ஒருத்தன் டிஷ்யூ பேப்பர்ல கூட்டல் கழித்தல் போட்டுட்டிருந்தான். நான் எந்தக் கோஷ்டின்னு கேக்குறீங்களா? ஜடேஜா கோஷ்டி. "விசுவாசத்துக்கு விலையே இல்லையா?"ன்னு லாரி ஹார்னைத் தாண்டிக் கத்தினேன். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி எனக்கே ஆப்பு வைக்கப் போகுது.

சாயந்திரம் அடுத்த குண்டு. பத்திரனாவை சி.எஸ்.கே. வெளியே விட்டுருச்சு! 13 கோடி பவுலர். 2025 சீசன்ல 12 மேட்ச்ல 13 விக்கெட், ஆனா ஓவருக்குப் பத்து ரன்னுக்கு மேல கொடுத்தார். "சரிதான் விட்டது"ன்னு எல்லோரும் தலையாட்டினோம். ஒரு மாசம் கழிச்சு, டிசம்பர் 16, அபுதாபியில ஏலம். அதே பத்திரனாவை கொல்கத்தா 18 கோடிக்குத் தூக்குச்சு! நடுவுல மனுஷன் ஒரு ஐ.பி.எல். பால்கூட போடல. விலை மட்டும் அஞ்சு கோடி ஏறிருச்சு. இது எப்படி பாஸ்?

இதுக்குப் பதில் சொன்னது கிரிக்கெட் எக்ஸ்பர்ட் யாரும் இல்ல. காசிமேட்டுல மீன் ஏலம் எடுக்குற அண்ணன் ஒருத்தர். தினமும் எங்க கடையில டீ குடிப்பார், எங்க கத்தலை ஓசியில கேப்பார். அன்னைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"தம்பி, ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போவாது. அப்ப வஞ்சிரம் வெலை இன்னாத்துக்கு ஏறுது? மீனு ருசியாயிடுச்சா? வரத்து இல்ல, அவ்ளோதான். கூடையில நாலு மீனு, கையில துட்டு வெச்சிகினு நிக்கிறவன் பத்து பேரு."

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. மினி ஏலத்துக்கு வர்ற நல்ல டெத் ஓவர் பவுலர்ஸே கொஞ்சம் பேர். கொல்கத்தா கையில 64.3 கோடி, எல்லா டீமையும் விட அதிகம். வரத்து கம்மி, துட்டு ஜாஸ்தி. ஆக 18 கோடிங்கறது பத்திரனாவோட மதிப்பு இல்ல பாஸ், அன்னைக்கு ஏலத்தோட நிலவரம்.

நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனையே பாருங்க. டென்னிஸ் பால்ல யார்க்கர் பழகி வந்தவர். 2017-ல பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த வருஷமே ஹைதராபாத்துக்கு 40 லட்சம். ரெண்டு சீசன் ஒரு மேட்ச்கூட ஆடாம பெஞ்சுல உக்கார்ந்தார். 2020-ல அதே மனுஷன் 16 மேட்ச்ல 16 விக்கெட் எடுத்து, அப்படியே ஆஸ்திரேலியாவுல இந்தியாவுக்கும் ஆடிட்டு வந்தார். 2024 நவம்பர் ஏலத்துல டெல்லி 10.75 கோடி கொடுத்தது. 2025 சீசன்ல ஆட வெச்சது ரெண்டே மேட்ச். விலை பம்பரமா சுத்துது. கையும் யார்க்கரும் அதேதான்.

அப்ப பவுலரோட நிஜ மதிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்தக் கேள்வியில நம்மளை விட ரொம்ப காலமா மண்டையை உடைச்சுக்கறவங்க அமெரிக்காவுல பேஸ்பால் பார்க்குறவங்க. அங்க பவுலருக்கு 'பிட்ச்சர்'னு பேர். சீசன் நடுவுலயே டீம்கள் ஆளை மாத்திக்குவாங்க. நம்ம டீக்கடை மாதிரியே அங்கயும் 'அவனைக் கொடு, இவனை வாங்கு' பஞ்சாயத்துதான்.

2001-ல வோரோஸ் மெக்ராக்கன்னு ஒருத்தர் ஒரு குண்டைப் போட்டார். பேட்ல பட்டு மைதானத்துக்குள்ள விழுற பந்து ஹிட் ஆகுதா, அவுட் ஆகுதாங்கறது பிட்ச்சர் கையில ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு, ஃபீல்டரும் அதிர்ஷ்டமும்தான் அதிகம்னு கணக்கோட சொன்னார். அதாவது, பவுலர் பேர்ல எழுதுற ரன் எல்லாம் பவுலர் கொடுத்த ரன் இல்ல! 'மணிபால்' படம் பார்த்தீங்களா? பிராட் பிட் படம், 2011-ல வந்தது. அதுல சாட் பிராட்ஃபோர்ட்னு ஒரு பிட்ச்சர் வருவார். கை தரையைத் தொடுற மாதிரி கீழேர்ந்து எறிவார். பார்க்க காமெடியா இருக்குன்னு மத்தவங்க குறைச்சு மதிப்பிட்ட ஆள். ஓக்லாண்டு டீம் அவர் ஸ்டைலைப் பார்க்கல, ரிசல்ட்டைப் பார்த்தது.

இதெல்லாம் படிச்சுட்டு நான் பெரிய அனலிஸ்ட்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். இங்கதான் பாஸ் கதையே ஆரம்பிக்குது.

எங்க ஏரியா டீமுக்கு நான்தான் ஸ்கோரர். பேட்டிங் வராது, பவுலிங் வராது, ஆனா இன்ஜினீயரிங் படிக்கிறேன்ல... நோட்டு என் கையில! 2026 பொங்கலுக்கு எர்ணாவூர் பக்கம் டென்னிஸ் பால் டோர்னமென்ட், எட்டு ஓவர் மேட்ச். எங்களுக்கு ஓப்பனர் சரியில்ல. இன்னொரு டீம்ல ஓப்பனர் ரெண்டு பேர் இருக்காங்க, பவுலர் இல்ல. "உங்க லெஃப்டியைக் கொடுங்க, எங்க ஓப்பனர் ஒருத்தரை எடுத்துக்கோங்க"ன்னு கேட்டாங்க.

லெஃப்டிங்கறது எங்க இடது கை பவுலர். நிஜப் பேர் வேணாம், ஏரியாவுல எல்லோருக்கும் அவன் லெஃப்டிதான். அஞ்சாங்கிளாஸ்லேர்ந்து என் கூடப் படிச்சவன். பன்னெண்டாவது முடிச்சதும் நான் காலேஜ் பஸ் ஏறினேன், அவன் கன்டெய்னர் யார்டுல கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான்.

கேப்டன் யோசிச்சார். நான் நோட்டைத் திறந்தேன். "அண்ணா, போன டோர்னமென்ட்ல நாலு மேட்ச். லெஃப்டி 8 ஓவர், 88 ரன். ஓவருக்கு 11. நம்ம இன்னொரு பவுலர் 8 ஓவர், 56 ரன். ஓவருக்கு 7. இதுல யோசிக்க என்ன இருக்கு?" புள்ளியியல் பேப்பர்ல அரியர் வெச்சவன் பேசுற பேச்சைப் பாருங்க! எல்லோரும் தலையாட்டினாங்க. டீல் முடிஞ்சது. டீம் லிஸ்ட்டை வாட்ஸ்அப் குரூப்புல போட்டதும் அடியேன்தான்.

புது ஓப்பனர் பட்டையைக் கிளப்பினார். ரெண்டு மேட்ச் ஜெயிச்சோம். என்னைத் தூக்கி வெச்சுக் கொண்டாடாத குறை. செமி ஃபைனல். கடைசி ஓவர், எதிர் டீமுக்கு 13 ரன் வேணும். கேப்டன் பந்தைக் கையில வெச்சுக்கிட்டு சுத்திப் பார்க்கிறார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கல. ஒருத்தன் ஷூ லேஸ் கட்டுறான். ஓவருக்கு 7 ரன் கொடுக்குற நம்ம 'சிக்கன' பவுலர் பவுண்டரி பக்கம் நடந்து போயிட்டே இருக்கான். கடைசியில அவன் கையிலதான் திணிச்சாங்க. நாலு பால்ல மேட்ச் முடிஞ்சது.

அன்னைக்கு ராத்திரி நோட்டைத் திரும்பப் புரட்டினேன். லெஃப்டி போட்ட எட்டு ஓவரும் ஆறாவது ஓவர் அல்லது எட்டாவது ஓவர். எதிராளி கண்ணை மூடிக்கிட்டு சுத்துற நேரம். நம்ம சிக்கனக்காரன் போட்டதெல்லாம் முதல் மூணு ஓவர்குள்ள, பேட்ஸ்மேன் பந்தைப் பார்த்துப் பழகுற நேரம். நடுவுல ஏழாவது ஓவரை மத்தவங்க போட்டாங்களே, அதோட சராசரி என்ன தெரியுமா? 15. அந்தப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா லெஃப்டியோட 11 தங்கம். ஓவருக்கு நாலு ரன், எட்டு ஓவருக்கு 32 ரன் மிச்சம். அந்த நாலு மேட்ச்ல ரெண்டுல நாங்க ஜெயிச்சதே அஞ்சு ரன் வித்தியாசத்துக்குள்ள! அதுபோக அவன் பால்ல மூணு கேட்ச் கோட்டை. ஆள் குறைஞ்சதால ஒரு மேட்ச்ல நான் ஃபீல்டிங் இறங்கினேன். அந்த மூணுல ஒண்ணு அடியேன் விட்டது. நான் விட்ட கேட்ச்சோட ரன்னையும் அவன் கணக்குல எழுதி, அந்தக் கணக்கைக் காட்டியே அவனை அனுப்பியிருக்கேன்.

மறுநாள் டீக்கடையில சோகமா இதைச் சொன்னேன். மீன் அண்ணன் கணக்கைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. ஒரே கேள்விதான்.

"அது இருக்கட்டும்டா. அவங்கையில ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேக்கல பாஸ். ஒருத்தர்கூட கேக்கல.

ஐ.பி.எல்.ல ட்ரேடு பண்றதுன்னா ஆட்டக்காரரோட சம்மதம் வேணும். ஜடேஜா கதையில ஒரு விசித்திரம் பாருங்க. 2010-ல ராஜஸ்தானோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம வேற டீமோட தானா பேசினார்னு அவருக்கு ஒரு சீசன் தடை. அதே ராஜஸ்தானுக்குத்தான் 2025-ல சி.எஸ்.கே.லேர்ந்து ட்ரேடு ஆனார். பேஸ்பால்ல 1969-ல கர்ட் ஃப்ளட்னு ஒரு ஆட்டக்காரரை, செயின்ட் லூயிஸ் டீம் 12 வருஷம் ஆடின பிறகு அவரைக் கேக்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாத்துச்சு. வித்து வாங்க நான் ஒரு பொருள் இல்லைன்னு அவர் போக மறுத்து, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 1972-ல கேஸ் தோத்தார். ஆனா அவர் போட்ட சண்டை, பின்னாடி வந்த ஆட்டக்காரங்க தானே டீமைத் தேர்ந்தெடுக்குற உரிமைக்கு வழி விட்டுச்சு.

அமெரிக்கா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் எனக்குத் தெரியுது. பக்கத்துத் தெரு லெஃப்டி வீட்டுக்குப் போகத் தெரியல.

போனேன். வாசல்ல உக்கார்ந்திருந்தான். அப்பத்தான் விஷயம் தெரிஞ்சது. பொங்கல் லீவுல நமக்கு ஆடணும்னு ஒரு வாரம் நைட் ஷிஃப்ட்டை மாத்தி வாங்கியிருக்கான். டீமை விட்டு அனுப்பினதை குரூப்புல லிஸ்ட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டான். திட்டுவான்னு எதிர்பார்த்தேன். திட்டல.

"கேட்டிருந்தா நானே போயிருப்பேன்டா"ன்னான். அவ்ளோதான்.

அவன் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும் பாஸ்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இது புதுசு இல்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டீம் சேர்க்கும்போது நாமளும் ட்ரேடுதான் பண்றோம். "அவன் சி.ஜி.பி.ஏ. கம்மி, இவளை எடு"ன்னு. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்க்யூட் வேலை செய்யாதப்ப கூட உக்கார்றது யாருன்னு எந்த மார்க் ஷீட்லயும் இருக்காது. நாளைக்கு கேம்பஸ் இன்டர்வியூவுல நமக்கும் ஒரு பேக்கேஜ் நம்பர் ஒட்டுவாங்க. அதுவும் அன்னைக்கு நிலவரம்தான். வஞ்சிரம் கதையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ட்ரேடு பத்திச் சண்டை போடாதீங்கன்னு சொல்லல. அது இல்லாம டீ எப்படி இறங்கும்? ரெண்டு கேள்வியை மட்டும் சேர்த்துக்கோங்க. அவன் எந்த ஓவர் போட்டான்? அவனைக் கேட்டீங்களா?

லெஃப்டி என்ன ஆனான்னு கேக்குறீங்களா? மூணு வாரம் கிரவுண்டு பக்கம் வரல. நாலாவது ஞாயித்துக்கிழமை, நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்தான், கண்ணு ரெண்டும் சிவப்பா. கேப்டன் ஒண்ணும் பேசல, பந்தைத் தூக்கிப் போட்டார். எட்டாவது ஓவர், 9 ரன்.

என் நோட்டுல இப்ப புதுசா ஒரு கட்டம் போட்டிருக்கேன், 'எந்த ஓவர்'னு. பக்கத்துலயே இன்னொரு கட்டம், 'விட்ட கேட்ச்'. அதுல முதல் பேர் என்னோடது.

அடுத்த வாரம் பார்ப்போம் பாஸ். வர்ட்டா!