பாதையின் உரிமை யாருக்கு?

 

சென்ற மாதம் ஒரு சகோதரியின் கடிதம் கிடைத்தது. பெயரையும் ஊரையும் எழுத வேண்டாமென்று கேட்டிருந்தார். பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு வரும் பாதையோரத்தில் ஒரு வீடு என்று மட்டும் வைத்துக்கொள்வோம். கணவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். மூத்த மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். ரியூஷன் வகுப்புக்குச் சைக்கிளில் போய் வருகிறான். இரவில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்ததும் வாப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் தொடங்கிவிடுகிறதாம்.

“வாப்பாட ஆக்கள்தான் எங்கள கானுக்குள்ள தள்ளுற” என்கிறான் மகன்.

“ரோட்டு நடுவால சோடி போட்டு வாரானுகள். ஹோன் அடிச்சாலும் விலகுறதில்ல. அடிபட்டா மட்டும் எங்கட பிழை” என்கிறார் வாப்பா.

கடிதத்தின் கடைசியில் அந்தச் சகோதரி எழுதியிருந்தது என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. மகன் வரச் சுணங்கினால் யாராவது அவனை இடித்துவிட்டார்களோ என்று பயப்படுகிறாராம். கணவர் வரச் சுணங்கினால் அவர் யாரையாவது இடித்துவிட்டாரோ என்று பயப்படுகிறாராம். “இரண்டு பேரும் என்னுடையவர்கள். நான் யார் பக்கம் பேசுவது மவ்லவி?” என்று கேட்டிருந்தார்.

இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பதால் இம்மாதம் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

மலைக்குச் சைக்கிள் வந்த கதை

மலைநாட்டில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கிழக்கிலுள்ள சகோதரிகள் கேட்கக்கூடும். காத்தான்குடியிலும் கல்முனையிலும் நிலம் தட்டை. பள்ளிவாசலுக்கும் கடைக்கும் சைக்கிள்தான். எங்கள் பக்கத்திலோ ஏறும்போது தள்ள வேண்டும். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை வலிக்கும். அதனால் நெடுங்காலம் எங்கள் பாதைகளில் சைக்கிள் அபூர்வமாகவே இருந்தது. பஸ்ஸும் லொறியும் முச்சக்கர வண்டியும் போகும், மற்றவர்கள் நடப்பார்கள்.

2022ஆம் ஆண்டு அதை மாற்றியது. அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 27 நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லீட்டர். மலையேறும் வண்டிக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்? கூரையில் தொங்கிய பழைய சைக்கிள்களை இறக்கி எண்ணெய் போட்டார்கள். புதிய சைக்கிளின் விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. கோட் அணிந்த உத்தியோகத்தரும் கொழும்பு வீதியில் சைக்கிள் மிதித்தார்.

நானும் மிதித்தேன். மோட்டார் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அயல் வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கிப் பாடசாலைக்குப் போனேன். பின்னால் வரும் லொறி முதுகுக்குக் கிட்ட வந்து ஹோன் அடித்தால் உடம்பு எப்படித் தூக்கிப் போடும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். ஒருபக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். எங்கே விலகுவது? மனதுக்குள் அந்தச் சாரதிகளை எவ்வளவோ ஏசியிருக்கிறேன்.

என் பிழை

எரிபொருள் கிடைக்கத் தொடங்கியது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலை நேரம். மூடுபனி இறங்கியிருந்தது. குர்ஆன் வகுப்புக்குப் பிந்திவிட்டது என்ற அவசரத்தில் மோட்டார் சைக்கிளில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். ஒரு முடக்கில் திரும்பியதும் எதிரே ஒரு சிறுவன். பின்கரியரில் மாவு மூட்டையைக் கட்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினான். நான் பிரேக் பிடித்தேன், வண்டி வழுக்கியது. அவன் சைக்கிளோடு கானுக்குள் விழுந்தான்.

சகோதரிகளே, அப்போது என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் என்ன தெரியுமா? “கண் தெரியல்லயா?” என்பதுதான். காயம் பட்டதா என்று கேட்கவில்லை.

அவன் எழுந்து முழங்கையைத் துடைத்தான். எங்கள் பாடசாலை மாணவன், தோட்டத்துப் பிள்ளை. “சேர், முடக்குக்கு முன்னால ஒரு ஹோன் அடிச்சிருந்தா ஒதுங்கியிருப்பேன் சேர்” என்றான் பணிவாக. சைக்கிள் சில்லு வளைந்து கிடந்தது. மாவு நனைந்து போயிருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் சைக்கிளில் இருந்துகொண்டு சாரதிகளை ஏசியவனும் நான்தான். இருக்கை மாறியதும் நாவும் மாறிவிட்டது. அன்றிரவே அவனுடைய லயத்துக்குப் போய்த் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். சில்லைத் திருத்தவும் மாவுக்கும் உரியதைக் கொடுத்தேன். அந்தத் தாய் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, “பரவாயில்லீங்க சேர், புள்ள திரும்பி வந்துட்டான், அது போதும்” என்றார். அந்தத் தேத்தண்ணி தொண்டையில் இறங்க நேரமெடுத்தது.

பெரியவருக்கே பெரிய பொறுப்பு

வாகனத்தில் போகிறவர் நடப்பவருக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததைப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் காண்கிறோம். பிள்ளைகளுக்கு இதை ஓதிக்கொடுக்கிறோம். அதன் காரணத்தைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுகிறோம். உயரத்தில் ஏறியிருப்பவன் உள்ளத்தில் பெருமை ஏறக்கூடும். அதனால் அவனே முதலில் தாழ வேண்டும் என்று ஹதீஸ் விளக்கவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் இந்த முறை என்றால், என்ஜின் பூட்டிய வண்டிக்கு இது எவ்வளவு பொருந்தும்!

கணக்கும் இதையே சொல்கிறது. முச்சக்கர வண்டி ஆளில்லாமலே 300 கிலோவுக்கு மேல் நிறை. சாதாரணச் சைக்கிள் 20 கிலோ அளவில். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 8 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். வேகம் இரட்டித்தால் இடியின் பலம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகும். இரண்டும் மோதினால் சாரதிக்கு வண்டியில் ஒரு நெளிவு, சைக்கிள்காரருக்கு எலும்பு. சேதம் ஒருபக்கமே கூடுதலாக விழுவதால் கவனமும் அந்த அளவுக்கு மறுபக்கத்தில் கூடுதலாக இருக்க வேண்டும்.

எங்கள் மலைநாட்டுப் பழைய சாரதிகளிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒடுங்கிய பாதையில் இரண்டு வண்டிகள் சந்தித்தால் இறங்கி வருபவர் நின்று, ஏறி வருபவருக்கு இடம் கொடுப்பார். சரிவில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் எடுப்பது கஷ்டம் என்பது அவருக்குத் தெரியும். மூட்டையோடு சைக்கிளைத் தள்ளி ஏறும் பிள்ளைக்கும் இதே நியாயம்தான். லொறிக்குக் கொடுக்கிற மரியாதையைப் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. லிப்டன் சீட் பார்க்க ஹெல்மட் போட்டுச் சைக்கிளில் வருகிற வெள்ளைக்காரருக்குப் பின்னால் நம் வண்டிகள் பொறுமையாகத்தான் போகின்றன. நம் பிள்ளைக்குப் பின்னால் வந்தால்தான் ஹோன் அலறுகிறது.

இடம் கொடுப்பதில் பிழைத்தால் என்னவாகும் என்பதை ஊவா மாகாணம் கண்டிருக்கிறது. 2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் போன தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் உருண்டது. பாதையில் கிடந்த பாறை வழியைக் குறுக்கியிருந்த இடத்தில் எதிரே வந்த கனரக வாகனத்தைக் கடக்கும்போது நடந்த விபத்து அது. பத்துக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். இரண்டு பெரிய வண்டிகளுக்கே இப்படியென்றால் சைக்கிளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள்.

தாய்மார் எழுந்த நாடு

ஒல்லாந்து என்று நம் முன்னோர் சொன்ன நெதர்லாந்தை இன்று சைக்கிள் நாடு என்கிறார்கள். அங்கே ஆட்களை விடச் சைக்கிள்கள் அதிகம். எப்போதும் அப்படி இருக்கவில்லை. கார்கள் பெருகி, 1971ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 3,300 பேர் வீதிகளில் இறந்தார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே இயக்கத்தின் பெயராயிற்று. ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்பது அதன் பொருள். தாய்மார் பிள்ளைகளோடு வீதிக்கு வந்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் சில வாரங்கள் ஞாயிறுதோறும் கார் ஓடத் தடை. வெறிச்சோடிய வீதியில் மக்கள் சைக்கிள் ஓட்டிப் பார்த்தார்கள். அதன் பின் அரசாங்கம் சைக்கிளுக்கென்று தனிப்பாதைகள் போடத் தொடங்கியது. மோட்டார் வாகனம் சைக்கிளோடு மோதினால் பெரும்பாலும் வாகனக்காரரே நட்டத்துக்குப் பொறுப்பு என்பது அங்கே சட்டம். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் பொறுப்பு இன்னும் கடுமை. அண்மைய ஆண்டுகளில் அங்கு வீதி மரணம் ஆண்டுக்கு 700 அளவில் நிற்கிறது.

நமக்கும் 2022இல் அப்படியொரு நெருக்கடி வந்தது. பெட்ரோல் வந்ததும் சைக்கிளை மீண்டும் கூரைக்கு ஏற்றிவிட்டோம். வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். மலையை வெட்டித் தனிப்பாதை போடுவது எங்கள் பக்கத்தில் நாளைக்கே ஆகிற காரியமல்ல. ஆகவே இருக்கிற பாதையைப் பகிர்ந்துகொள்ளப் பழக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

மகனுக்கு: சோடி போட்டுப் போகாதே; ஒருவர் பின் ஒருவராக இடப்பக்கமாகப் போ. வாப்பா சொன்னதில் இந்தப் பகுதி நியாயமானது. இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகீழாக விழுவாய். இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடி. மழையில் சில்லு நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும் என்பதால் முடக்குக்கு வெகுமுன்பே வேகத்தைக் குறை. மூடுபனியில் பாடசாலை வெள்ளைச் சட்டை மறைந்துவிடும். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். காதில் பாட்டு வேண்டாம்.

வாப்பாவுக்கு: ஹோன் முடக்குக்கு முன்னால் அடிக்க வேண்டியது, பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் அல்ல. முடக்கில் முந்த வேண்டாம். முந்தினால் ஒன்றரை மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே உண்டு. அவ்வளவு அகலம் இல்லாத இடத்தில் பின்னாலேயே போங்கள்; அகன்ற இடம் வரும்வரை ஒரு நிமிடம்தான்.

சகோதரிகளே, உங்களுக்கும் உண்டு. வண்டியை நிறுத்திய பின் கார்க் கதவைத் திறக்கும்போது, கதவுக்குத் தூரமான கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும். பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். ஒல்லாந்துக்காரர் பிள்ளைகளுக்குப் பழக்குகிற முறை இது. ஸ்கூல் வேனிலும் முச்சக்கர வண்டியிலும் ஏறியதும் “கெதியாப் போங்க” என்று சொல்வதை விடுங்கள். சாரதியின் அவசரத்தில் பாதி நாம் கொடுத்தது. மறுபாதி லீசிங் தவணை. ஒரு ஓட்டம் கூடினால் ஒரு தவணை இலகுவாகும் என்றுதான் அந்தக் கணவரும் விரைகிறார். வீட்டுச் செலவில் எதைக் குறைத்தால் அவருக்கு ஒரு ஓட்டம் மிஞ்சும் என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஏசுவதை விட அது பயன் தரும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில் இதுதான். பாதையில் யார் பலவீனரோ அவர் பக்கம் பேசுங்கள். இன்று அது உங்கள் மகன். இரண்டு வருடத்தில் அவன் மோட்டார் சைக்கிளில் ஏறுவான். அன்று அவனுக்கு முன்னால் சைக்கிள் தள்ளி ஏறும் வேறொரு தாயின் பிள்ளைக்காக அவனிடம் பேசுங்கள். ஒரு விடுமுறை நாளில் கணவரும் மகனும் சேர்ந்து அந்தச் சைக்கிளின் பிரேக்கைக் கழற்றிப் பூட்டட்டும். பிறகு வாப்பாவே அதை ஒரு முடக்கு தூரம் ஓட்டிப் பார்க்கட்டும். மகனை வண்டியில் முன்னால் ஏற்றி, சாரதியின் கண்ணுக்குச் சைக்கிள் எவ்வளவு பிந்தித் தெரிகிறது என்று காட்டட்டும்.

அந்த மாணவன் இப்போதும் அதே பாதையில் வருகிறான். முடக்குக்கு முன்னால் நான் ஹோன் அடிப்பேன், அவன் மணியடிப்பான். நான் நிறுத்தி, அவன் ஏறிப் போன பிறகே இறங்குகிறேன்.

வீட்டை விட்டுப் புறப்பட்ட ஒவ்வொருவரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.