கோர்ட்டு விளம்பினால் மனிதன் தாழ்ந்தவனாவானா?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துத் தோழர்களுக்குக் கோர்ட்டு வாசற்படி புதியதல்ல. வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, கோவில் முதல் மரியாதை என்று ஏதாவதொன்றுக்கு வக்கீலைத் தேடிப் போய்க்கொண்டுதான் இருக்கின்றார்கள். அவர்களில் பலர் கேட்பது பணமுமல்ல, நிலமுமல்ல. “இன்னாருக்கு இன்ன பாத்தியதை உண்டு” என்றோ, “இல்லை” என்றோ கோர்ட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பதேயாகும். இதற்குத்தான் விளம்புகைத் தாவா என்று பெயர்.

இந்த அதிகாரத்தைக் கோர்ட்டுகளுக்குக் கொடுத்தது 1877-ஆம் வருஷத்து ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 42-வது பிரிவு. இன்று அது 1963-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 34-வது பிரிவாக இருக்கின்றது. ஒருவனுடைய சட்டப்படியான அந்தஸ்தையாவது, சொத்தின் மீதுள்ள உரிமையையாவது மற்றொருவன் மறுத்தால், உள்ளது இன்னதென்று கோர்ட்டு விளம்பலாம். மேற்கொண்டு பரிகாரம் கேட்கக் கூடியவன் அதைக் கேளாமல் வெறும் விளம்புகையை மாத்திரம் கேட்டால் கொடுக்கக் கூடாது. அந்த விளம்புகையும் வழக்காடிய கக்ஷிகளையும் அவர்கள் வழியில் உரிமை பெறுகின்றவர்களையுமே கட்டுப்படுத்தும்.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றுகின்றது. கள்ளப் பத்திரம் காட்டி நிலத்தைப் பறிக்க வருகின்றவனிடமிருந்து ஏழையைக் காப்பாற்ற இது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கோர்ட்டு உரிமையை உண்டாக்குவதில்லை. முன்பே இருக்கின்ற சட்டத்தையும் வழக்கத்தையும் பார்த்து, உண்டு அல்லது இல்லை என்று சொல்லுகின்றது. அந்தச் சட்டமும் வழக்கமும் மனுதர்மத்தின் குட்டிகளாய் இருந்தால் கோர்ட்டு எதை விளம்பும்? மனுதர்மத்தைத்தானே விளம்பும்!

இதற்குச் சாக்ஷி வேண்டுமானால் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போக வேண்டியதில்லை. அருப்புக்கோட்டைக்குத் தென்கிழக்கேயுள்ள கமுதியே போதும். 1897-ஆம் வருஷம் மே மாதத்தில் நாடார்கள் சிலர் கமுதி மீனாக்ஷி சுந்தரேஸ்வரர் கோவிலுக்குள் போய்ப் பூஜை செய்தார்கள். திருடினார்களா? இடித்தார்களா? தேங்காய் உடைத்துக் கும்பிட்டார்கள், அவ்வளவே. கோவிலின் பரம்பரைத் தர்மகர்த்தாவான ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி கோர்ட்டுக்குப் போனார். நாடார்களுக்குக் கோவிலுக்குள் நுழைய உரிமை இல்லை என்று விளம்ப வேண்டும், இனி நுழையாதபடி தடையுத்தரவு போட வேண்டும், தீட்டுக் கழிக்கப் பணம் வாங்கித் தர வேண்டும் என்பதே தாவா.

1899-ஆம் வருஷம் ஜூன் 6-ந்தேதி சிவகாசியில் நாடார்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன; உயிர்களும் போயின. கோவில் நுழைவுத் தகராறுதான் அதற்குக் காரணம். புகை அடங்குமுன் அதே வருஷத்தில் மதுரைக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. என்னவென்று? உரிமை இல்லை என்றும், தீட்டுக் கழிக்க 500 ரூபாய் கட்டு என்றும்! அப்பீல் ஹைக்கோர்ட்டில் இருக்கும்போது சேதுபதியே ராஜியாகப் போக இசைந்தார். தர்மகர்த்தா வழக்கத்தை விட்டுக் கொடுக்க முடியாது என்று கோர்ட்டு அந்த ராஜியை ஒப்பவில்லை. வழக்குத் தொடுத்தவனே வேண்டாமென்றாலும் ஜாதி விடுவதாயில்லை! கடைசியாக 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். சாஸ்திரப்படி பார்த்தால் அந்த வெள்ளைக்கார ஜட்ஜுகளே மிலேச்சர்கள்; அந்தக் கோவில் வாசற்படியை மிதிக்க யோக்கியதை இல்லாதவர்கள். அவர்கள் ஏழு கடலுக்கப்பால் உட்கார்ந்துகொண்டு, அந்த ஊரில் பிறந்து, அந்த ஊரில் வரி கொடுத்து, அந்த ஊர்ச் சாமியைக் கும்பிடுகின்றவனுக்கு உள்ளே போக உரிமை இல்லை என்று விளம்பினார்கள்! உலகத்தைப் படைத்த கடவுளுக்கு ஒரு மனிதன் கிட்ட வந்தால் தீட்டு. அந்தத் தீட்டு 500 ரூபாயில் தீர்ந்து போகும் என்றால், இதைவிடப் புரட்டு வேறுண்டா?

“கோர்ட்டு என்ன செய்யும்? சட்டப்படிதானே சொல்லிற்று” என்று சிலர் கேட்பார்கள். நாமும் அதைத்தான் சொல்லுகின்றோம். இழிவு ஜட்ஜின் பேனாவில் இல்லை. அவர் கையிலிருந்த சட்டத்தில் இருந்தது. ஆகவே இழிவை நீக்கச் சட்டத்தை மாற்ற வேண்டுமே யொழிய, அதே சட்டத்திடம் போய் “நான் இழிந்தவனல்ல என்று ஒரு சீட்டுக் கொடு” என்று கெஞ்சுவதில் பயனில்லை.

இங்கே நமது நாடார் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது. அந்த வழக்கில் அவர்கள் என்ன சொன்னார்கள்? “மனிதன் எவனுக்கும் தீட்டில்லை” என்றா? இல்லை. தாங்கள் க்ஷத்திரியர்கள், ஆகையால் தங்களுக்கு உரிமை உண்டு என்றார்கள். அப்படியானால் க்ஷத்திரியனல்லாதவன் கதி என்ன? தன்னை மேலேற்ற வேண்டுமென்று கேட்பவன், கீழே ஒருவன் இருக்கத்தான் வேண்டுமென்று ஒப்புக்கொண்டவனாகின்றான். ஏணியை ஒப்புக்கொண்ட பிறகு எந்தப் படி என்று தீர்மானிக்கின்ற அதிகாரம் பார்ப்பனனுடைய சாஸ்திரத்துக்குத்தானே போகும்? அது போய்த்தான் அவர்கள் தோற்றார்கள்.

இதற்கு நேர்மாறாக, அதே சமூகத்தில் பிறந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் என்ன செய்தார் என்று பாருங்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். அவர் எந்தப் புராணத்தையும் புரட்டவில்லை. கையிலிருந்த அதிகாரத்தைக் கொண்டு கதவைத் திறந்தார். 1929-இல் செங்கற்பட்டு முதல் சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே.

கோவில் கதவும் எப்படித் திறந்தது? 1939-ஆம் வருஷம் ஜூலை 8-ந்தேதி மதுரை மீனாக்ஷி கோவிலுக்குள் ஆதிதிராவிடர்களும் ஒரு நாடாரும் நுழைந்தார்கள். உடனே சர்க்கார், நுழைந்தவர்கள் மீதும் அனுமதித்தவர்கள் மீதும் வழக்கு வராதபடி பாதுகாப்புச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. ஏன்? கமுதி வழக்குப் போல் இன்னொன்று வந்துவிடும் என்பதால்தான். பிறகு 1947-இல் ஆலய நுழைவுச் சட்டமும், 1950-இல் தீண்டாமையை ஒழிக்கும் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவும் வந்தன. அதற்குப் பிறகு அதே கோர்ட்டுகள் தலைகீழாக விளம்பின. சாமியும் மாறவில்லை, கோவிலும் மாறவில்லை, சட்டந்தான் மாறிற்று.

நமது கலியாணங்களின் கதையும் இதுவே. 1953-இல் சென்னை ஹைக்கோர்ட்டு, புரோகிதச் சடங்கில்லாத ஒரு சுயமரியாதைக் கலியாணம் செல்லாது என்றது. 1967-இல் அண்ணாதுரை மந்திரிசபை சட்டம் செய்து, முன் நடந்தவைகளையும் சேர்த்துச் செல்லுபடியாக்கிற்று.

இன்று பட்டாசுத் தொழிற்சாலைகளில் பல ஜாதி ஆண்களும் பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கின்றார்கள். மருந்து அறையில் தீப்பிடித்தால் அது ஜாதி பார்த்தா எரிகின்றது? ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரத்தம் ஜாதி பார்த்தா ஓடுகின்றது? அப்படி ஒன்றாய் வேகின்றவர்கள், திருவிழா வந்ததும் பரிவட்டம் யாருக்கு முதலில், தேர் எந்தத் தெரு வழியாய் என்று கோர்ட்டு விளம்பக் காத்திருப்பது எவ்வளவு வெட்கக்கேடு! வெறும் மரியாதை கோர்ட்டில் கேட்கத்தக்க உரிமையல்ல, உத்தியோகத்தோடு சேர்ந்திருந்தால் மாத்திரம் பார்க்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே 1961-இல் ஆழ்வார்திருநகரி ஜீயர் வழக்கில் சொல்லியிருக்கின்றது. முதல் தீர்த்தம் யாருக்கு என்று சண்டை போட்ட வழக்கு அது!

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமிருந்தால் உருப்படியான உரிமைக்குக் கொடுங்கள். உங்கள் மகளுக்கும் தங்கைக்கும் பூர்வீகச் சொத்தில் பங்குண்டென்று தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுமைக்கும் 2005-லும் சட்டம் வந்துவிட்டது. அந்தப் பங்கை மறுக்கின்ற அண்ணன் தம்பிகள் மீது விளம்புகையும் கேளுங்கள், பாகமும் சேர்த்துக் கேளுங்கள். அது மனிதன் செய்ய வேண்டிய வழக்கு.

ஆனால் நீ உயர்ந்தவனா, தாழ்ந்தவனா என்பதை எந்த ஜட்ஜிடமும் கேளாதே. கேட்ட அந்த நிமிஷமே நீ தாழ்ந்தவனாகி விடுகின்றாய்.